மவுஸ் யார் கையில்

9 ஜூன் 2003, திங்கள்

காலை பேட்ச்சில் ஐந்து பெண்கள். டேவிட்சன் சார் வழக்கம்போல் வள்ளல். யாராவது "வரலை சார்" என்று முனகினால் போதும். பெண்பிள்ளை கைமேல் கை வைத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாதல்லவா? "தள்ளிக்கோம்மா" என்று மவுஸை வாங்கி, தீப்பெட்டி லேபிளை அவரே வரைந்து முடிக்கிறார். பிறகு அவளிடமே, "அருமையா போட்டிருக்கியே!" அவளும் நம்புகிறாள். நானும் அவரும் பாடம் நடத்துவது கம்ப்யூட்டர் சென்டரிலா, பால்வாடியிலா?

14 ஜூன்

காலை பேட்ச் உமாதேவிக்கு இருபதாம் தேதி லேபிள் அச்சகத்தில் தேர்வு. கோரல் டிரா சாஃப்ட்வேரில் ஒரு லேபிள் வரைந்து காட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்க வேண்டியதுதான்.

சார் இல்லாத நேரம் பார்த்து ஒரு வட்டம் போடச் சொன்னேன். மவுஸ் மேசை விளிம்புக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். "இதுக்கு மேல இடம் இல்லக்கா." தூக்கி வைக்கலாம் என்றே தெரியவில்லை! மூன்று மாதப் படிப்பு!

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது உமா. எல்லாம் சார் வரைஞ்சது" என்றேன். அழுதுவிட்டாள். அழட்டும்.

16 ஜூன்

முதலாளி பூவனலிங்கம் அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏம்மா ஜீனா, பிள்ளையள அழ வச்சா நாளைக்கு எவ வருவா? டேவிட்சன் மாதிரி அனுசரிச்சுப் போயேன்."

அனுசரணையாம்! உமா இனி முழுக்கச் சார் பொறுப்பு.

20 ஜூன்

தோற்றுவிட்டாள். சொன்னேனே! ஆனால் சந்தோஷமாக இல்லை.

சார் ஆறுதல் சொன்னார்: "அவிய மிஷின் சரியில்லம்மா." தலையாட்டினாள். என்னிடம் மட்டும், "நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னதுலதான் கை நடுங்கிட்டுக்கா."

நானா? ச்சீ — நானா காரணம்?

25 ஜூன்

கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமலும் சார் பாராட்டிக்கொண்டிருக்கிறார்.

2 ஜூலை

காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காக உமா நின்றிருந்தாள், கையில் தூக்குவாளி. விரலெல்லாம் கீறல். அச்சகத்தில் அடுத்த மாதம் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். அதைச் சொன்னேன்.

"வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு சென்டருக்கு வா. மவுஸ ஒன் கையிலதான் தருவேன். நான் தொட மாட்டேன்."

யோசித்தாள். "டேவிட்சன் சார் இருப்பாவளாக்கா?"

அவர் ஐந்து மணிக்கே எட்டயபுரம் பஸ் ஏறிவிடுவார்.

"இருப்பாரு, வா" என்று கூசாமல் சொன்னேன்.