முட்டைக்குப் பதில் ஒரு கோடு

டீச்சர்,

இன்று வெள்ளிக்கிழமை. அம்மன் கோயிலுக்குப் போகக் கற்பூர டப்பாவைத் திறந்தேன். காலியான சாக்பீஸ் டப்பா ஒன்றை ஒருநாள் என் கையில் கொடுத்தீர்களே, அதுதான். மூலையில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியை நான் இன்னும் துடைக்கவில்லை. கற்பூர வாசனைக்குள்ளே உங்கள் மூன்றாம் வகுப்பு வாசனையும் கொஞ்சம் வருகிறது. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அந்த வருஷம் நம் ஆரம்பப் பள்ளிக்கு நேரம் சரியில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் வாசிப்புத் தேர்வில் தலைமையாசிரியரான நீங்களே நடத்திய மூன்றாம் வகுப்புதான் சுற்று வட்டாரத்திலேயே கடைசி. என் சின்னவள் அந்த வகுப்பில் இருந்ததால் பெற்றோர் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். எங்கள் தெருச் செல்வி எழுந்து நின்றாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை, குரலும் மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல்.

"உருது பேசற பசங்களாலதான் டீச்சர் ஸ்கூல் பேரே கெடுது. அவங்கள தனியா உக்கார வைங்க. இல்லன்னா எங்க பசங்களுக்கு டி.சி. குடுத்துடுங்க. வேன் வர்ற ஸ்கூல்ல சேத்துக்கறோம்."

பின்னாலிருந்து ஷாஹிதா விடவில்லை. "எங்க பசங்க இன்னா பாவம் பண்ணாங்க? என் பொண்ணு பஸ் போர்டெல்லாம் படிக்கிறா. உன் பொண்ண படிக்கச் சொல்லு பாக்கலாம்!"

நான் செல்வி பக்கம் தலையாட்டினேன். அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

செல்வி சொன்னபடி பாதிப் பேர் போயிருந்தால் பள்ளியில் ஒரு டீச்சர் குறைந்திருப்பார். அதைவிட, பிள்ளைகளை ஒருமுறை பிரித்து உட்கார வைத்தால் மறுபடி ஒரே பெஞ்சில் சேர மாட்டார்கள் என்பதுதான் உங்கள் பயம். ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கூட்டத்தை முடித்தீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏம்மா, பால் வராத நாள், சிலிண்டர் வந்த தேதி எல்லாம் எழுதி வெக்கறீங்க. எந்தப் பசங்க மார்க் வாங்கலன்னு இதையும் எழுதிப் பாருங்க. அப்புறமா தலையாட்டலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாவதோடு நின்றவள் நான். அம்மன் பாட்டுப் புத்தகத்தை வைத்து நானாகவே எழுத்தைத் தேற்றிக்கொண்டவள். என்னை நம்பி மார்க் பதிவேட்டை உங்கள் மேசை மேலேயே விரித்துக் கொடுத்தீர்கள். பிள்ளையின் தெரு, வீட்டுப் பேச்சு, அம்மாவுக்கு என்ன வேலை, மார்க் என்று நோட்டில் கோடு கிழித்து எழுதினேன். மார்க்கில் முட்டை வாங்கிய பிள்ளைகள் உருதுத் தெருவில் இருந்தார்கள். தெலுங்கு பேசும் வீடுகளிலும் இருந்தார்கள். எங்கள் தெருவிலும் இருந்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த வெள்ளி, பத்து மணி இருக்கும், கோயிலுக்குப் போகிறேன். செல்வி வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் செல்வி, பொண்ணு ஸ்கூலுக்குப் போவலையா?"

"எனக்கு இன்னிக்கிதானேக்கா லீவு? தலைக்கு ஊத்த வேற நாள் ஏது?"

அம்மனை அன்று அவசரமாகத்தான் கும்பிட்டேன். அந்த ஷூ கம்பெனிக்கும் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்புக்கும் வார லீவு, ஜும்மா நாளான வெள்ளிக்கிழமை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் ஆனாலும் அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அன்றுதான் லீவு. பிள்ளையைக் குளிப்பாட்டுவது, பேரணாம்பட்டு பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போவது எல்லாம் அன்றைக்குத்தான். நீங்கள் வெளியூர், திமிரிப் பக்கத்திலிருந்து வந்தவர், உங்களுக்குத் தெரியாது. இந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தோன்றாமல் போனதுதான் வெட்கம். எங்கள் மளிகைக் கடைக்கு என்றைக்கும் லீவு இல்லை, அதனாலோ என்னவோ.

நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். நீங்கள் வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு முட்டையாக விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். முக்கால்வாசி, வராத பிள்ளைகளுக்கு விழுந்தது. மேலே அனுப்பும் படிவத்தில் 'வரவில்லை' என்பதற்கு இடமே இல்லை.

"தப்பு என்னுதும்மா. வராத பிள்ளைக்கு முட்டை போட்டிருக்கேன். ஒரு கோடு போட்டிருக்கணும்."

தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் அப்படிச் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

அடுத்த கூட்டத்தில், பெயர் எதையும் சொல்லக்கூடாது என்று சொல்லி அந்த நோட்டை என்னையே வாசிக்க வைத்தீர்கள். மூன்றாவது வரியிலேயே செல்வி எழுந்துவிட்டாள். "இருக்கா, இரு. அது என் பொண்ணுதானே?"

ஷாஹிதா சும்மா இருப்பாளா? "தலைக்கு எண்ணெய் வெச்சே சரி, மார்க்குக்கு முட்டையும் வெச்சியே செல்வி!"

முதலில் சிரித்தது செல்விதான். அதன் பிறகு டி.சி. பேச்சே எழவில்லை.

தேர்வைப் புதன்கிழமைக்கு மாற்றினீர்கள். உண்மையாகவே வாசிக்கத் திணறிய பிள்ளைகள் நாலு பேர்தான் மிஞ்சினார்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் தமிழ்தான் பேச்சு. அந்த நாலு பேரையும் புதன்தோறும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்க அம்மாக்களைக் கூப்பிட்டீர்கள். யார் யார் வருகிறோம் என்ற பட்டியலை எழுதும் வேலை எனக்கு. ஷாஹிதா பெயரை எழுதினேன், என் பெயரை எழுதினேன். "என் பேர் எங்க? மொதல்ல என்ன எழுதுங்க" என்றீர்கள்.

நீங்கள் கண்மூடி இது மூன்றாவது வருஷம். என் சின்னவள் இப்போது பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். நான் இன்னும் புதன்கிழமை தவறாமல் உங்கள் பள்ளிக்குத்தான் போகிறேன். தேர்வு ஏன் புதன்கிழமை என்று இப்போதிருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஷாஹிதாவின் மகளும் செல்வியின் மகளும் இன்று ஒரே சைக்கிளில் பள்ளிக்குப் போனதைக் கோயில் வழியில் பார்த்தேன். எண்ணெய் வைத்த தலை ஒன்றும் வாசலில் இல்லை.

வருகைப் பட்டியல் இன்னும் என் கையில்தான் இருக்கிறது, டீச்சர். வருஷா வருஷம் புது நோட்டுக்கு மாற்றும்போதும் உங்கள் பெயர்தான் முதலில். புதன்தோறும் அதற்கு நேரே ஒரு கோடு போடுகிறேன்.