இரண்டு மீட்டர், ஒரே அடுப்பு

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். மாடிப்படிச் சுவர் ஈரம் ஏறிக் கறுத்திருக்கிறது.

வாங்க வேண்டியவை: கவிதாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை. கீரை (உழவர் சந்தைக்குக் கடை கட்டும் நேரத்தில் போனால் மலிவு). கொசுவத்தி.

மகள் கவிதா ஞாயிறன்று வந்துவிட்டாள். ஏழாம் மாதம். பிரசவம் வரை இங்கேதான்.

காலையில் படியடியில் நின்று அண்ணன் அறிவிப்பு: "கீழ் மீட்டரு எகிறிட்டுப் போவுது கண்ணு. இன்னைலருந்து ஊடு பூராத்தையும் மேல் மீட்டர்ல போட்டுட்டேன்."

பின்னால் எவரும் மறுக்க இயலாதபடி எழுதி வைக்கிறேன். ஒரே வீடு. கீழே அண்ணன், மேலே நாங்கள். சமையல் கீழே, எல்லோருக்கும் ஒரே அடுப்பு. மின் இணைப்பு மட்டும் இரண்டு. இரண்டு மீட்டர் என்றால் இலவச யூனிட் இருமுறை. ஒன்று உயர்கட்டண வரம்பை நெருங்கினால், படிக்கட்டின் அடியிலுள்ள கைப்பிடியைத் திருப்பி முழு வீட்டையும் மற்றதற்கு மாற்றிவிடலாம். அந்த ஏற்பாடு அண்ணனின் சொந்தக் கைவேலை. இரண்டாம் இணைப்புக்கான விண்ணப்பத்தில் 'தனிக் குடும்பம், தனிச் சமையல்' என்று பொய் எழுதிக் கையெழுத்திட்டவன் நான். அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன்.

சிக்கனத்தை நான் இகழவில்லை. பருப்பை ஊறவைத்த பிறகே வேகவைக்கிறோம். தேய்ந்த சோப்பைப் புதியதன் முதுகில் ஒட்டுகிறோம். அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைச் செடிக்கு. இவற்றால் எவருக்கும் கேடில்லை. போன மாதம் இரவுகளில் ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னார் அண்ணன், பால் திரிந்தது. "பன்னீர் ஆச்சல்ல, கடைல வாங்கறதுன்னா காசு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்.

நவம்பர் 5, புதன்

மழை விடவில்லை.

மனைவி சரஸ்வதி, துணி உதறியபடி: "ஏனுங்க, நம்ம பாத்ரூம் கொழா சுருக்குனு கடிக்குதுங்க. எனக்கு வயசாயிருச்சா, கொழாய்க்குப் பல்லு மொளச்சிருச்சா, பாருங்க."

டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். ஹீட்டர் ஓடும்போது குழாயில் விளக்கு எரிகிறது. மங்கலாக, ஆனால் ஐயமின்றி. அணைத்தால் இல்லை.

அண்ணனிடம் போனேன். செய்தித்தாளிலிருந்து கண் எடுக்கவில்லை. "டெஸ்டர்னா எரியாம என்ன பண்ணும் கண்ணு? மழைக்காலத்துல எல்லா ஊட்லயும் இப்படித்தான். செருப்புப் போட்டுட்டுக் குளிக்கச் சொல்லு."

என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா போன பின் என்னைப் படிக்க வைத்தவர். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "சரிங்கண்ணா" என்றேன்.

மேலே வந்து உத்தரவு: ஹீட்டரைத் தொடக் கூடாது. வெந்நீர் கீழ் அடுப்பில். சொல்லிவிட்டு, கடமை முடிந்தவனைப் போலக் கல்லூரிக்குப் போனேன்.

நவம்பர் 7, வெள்ளி

வயர்மேன் ரஹீம் பாயை உக்கடத்திலிருந்து வரவழைத்தேன். மின் பலகையைத் திறந்து வயர்களை விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

"சார், உங்க டிரிப்பர்ல ஒயரே இல்லீங்க. கழட்டி நேராக் கட்டி உட்ருக்காங்க."

மின்கசிவு கண்ட கணமே இணைப்பைத் துண்டிப்பது அந்த டிரிப்பர்தான்.

"ரெண்டு மீட்டரு நியூட்ரல் ஒயரையும் ஒண்ணா முறுக்குனா டிரிப்பரு நிக்காதுங்க, உழுந்துட்டே இருக்கும். உழுகுதுன்னு பெரியவரு அதையே எடுத்துப்போட்டாரு. திருடனப் பாத்துக் கொரைக்குதுன்னு நாயத் தொரத்தி உட்டாப்புல இருக்குதுங்க. பெரியவரு சம்மதிச்சா நாளைக்கே பிரிச்சுத் தந்தர்றேன்."

கீழிருந்து அண்ணன்: "பாய், டீ ரெடியா இருக்குது. குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க. வேலை ஒண்ணுமில்லீங்க."

பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். டீயைத் தொடவில்லை.

பிறகு அண்ணன் மேலே வந்தார். குரல் தாழ்வாக, கனிவாக: "ஈ.பி. ஆளுக காதுக்குப் போனா ரெண்டு மீட்டரும் போயிரும். மேல் மீட்டருக் கையெழுத்து உன்றது. கவர்மெண்டு சம்பளக்காரன் நீ. பாத்து நடந்துக்க கண்ணு." தோளில் கை வைத்தார். அது விலகும் வரை அசையாமல் நின்றேன்.

நவம்பர் 8, சனி

கவிதா காலைப் பலகாரத்துக்கு இறங்கவில்லை. வலக்கையை மடியில் மறைத்தபடி கட்டிலில்.

"கையி மரத்துப் போச்சுங்ப்பா. கொழாயப் புடிச்சேன், உட முடியல. அப்புறம் தானா உட்டுருச்சு. செருப்புப் போட்டுத்தானுங்ப்பா இருந்தேன்."

ஹீட்டரை ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"நேத்து தண்ணி காய வெக்கறப்ப பெரியப்பா அடுப்பையே பாத்துட்டு நின்னாருங்ப்பா. இந்தத் தடவ சிலிண்டரு சீக்கிரம் தீந்துரும்போலன்னாரு. கூச்சமாப் போச்சு."

மருத்துவமனை. கருவியில் குழந்தையின் துடிப்பு கேட்டது, ஓடும் குதிரைபோல. மருத்துவர்: "இப்போதைக்கு நல்லா இருக்குதுங்க. அசைவக் கவனிச்சுட்டே இருங்க. கொறஞ்சா நேரம் பாக்காம வாங்க." ஈரோட்டுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு, அனுப்பலாமா என்றேன். பயணம் வேண்டாம் என்றார்.

திரும்பியதும் ஹீட்டர் வயரை வெட்டினேன். மேல் மீட்டரின் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கினேன். வீடு முழுவதும் மின்விசிறிகள் நின்றன. அண்ணன் படியேறி வந்தார்: "மாசமா இருக்கற புள்ளயக் காத்தில்லாம வெச்சிருக்கறயே, உனக்கு அறிவிருக்குதா..."

அவர் முடிக்கும் முன் கதவைச் சாத்தினேன். ஐம்பத்து நான்கு வயதில் முதன்முறை. புதன்கிழமையே சாத்தியிருக்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

மின்வாரிய அலுவலகம். நேற்று முழுதும் எழுதித் திருத்திய கடிதம்: பொய் உறுதிமொழி என்னுடையது, இணைப்பை ரத்து செய்க, உடனே ஆய்வு செய்க. அதிகாரி இருமுறை படித்தார்.

"சார், உங்க மேல நீங்களே எழுதிக் குடுக்கறீங்களே. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுத்தானுங்க எழுதியிருக்கேன். சீல் வெச்சுக் குடுங்க."

நாளை மறுநாள் ஆய்வு. வேலைக்கு என்ன நேரும், தெரியாது.

நகலை அண்ணனிடம் கொடுத்தேன். நிறுத்தி நிதானமாகப் படித்தார். "படிக்க வெச்சதுக்கு நல்லா எழுதறே கண்ணு." நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாலை நான்கு. கவிதா இடப்பக்கம் சாய்ந்து, வயிற்றில் கை. மதியத்துக்குப் பின் அசைவில்லை என்கிறாள். "தூங்குதோ என்னமோங்ப்பா." சரஸ்வதி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். கால் மணி நேரம் பார்த்தோம். இல்லை.

டாக்ஸிக்குச் சொல்லியாயிற்று. பையில்: ஸ்கேன் சீட்டு, போர்வை, தண்ணீர்.

"இப்ப அசஞ்சுதா அம்மணி?" சரஸ்வதி, மூன்றாம் முறை.

கவிதா கையை வயிற்றின் மறுபக்கம் நகர்த்தி வைத்தாள். வாசலில் ஹாரன்.