கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

என் அன்பிற்குரியவருக்கு,

நாங்கள் இருவரும் நலம். ‘இருவரும்’ என்பதை இன்னொரு முறை வாசித்துக்கொள்ளுங்கள். கப்பலில் குளிர் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். இயந்திர அறையிலிருந்து வியர்வையோடு மேல்தளத்துக்குப் போய் நிற்காதீர்கள். சொன்னால் கேட்கவா போகிறீர்கள்!

ஆய்வகப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை நேற்று எழுதிவிட்டேன். என்னைப் பாடாய்ப்படுத்திய புள்ளியியல் இந்த முறை கைகொடுத்தது. இரண்டு குழுக்களின் மதிப்பெண்களைக் கொடுத்து, எதில் திட்ட விலக்கம் அதிகம் என்று கேட்டிருந்தார்கள். ஒன்றில் 10, 50, 50, 50, 90. மற்றதில் 10, 10, 50, 90, 90. சராசரியும் ஒன்றுதான், வீச்சும் ஒன்றுதான். முன்பென்றால் இரண்டும் சமம் என்று எழுதிவிட்டு வந்திருப்பேன். வீச்சு இரண்டு ஓரங்களை மட்டுமே பார்க்கும். நடுவில் இருப்பவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது குழுவில் பலர் சராசரியை விட்டுத் தள்ளி நிற்கிறார்கள். விலக்கம் அதில்தான் அதிகம்.

இதெல்லாம் மண்டையில் ஏறியதே நம் மகள் சுண்டுவால்தான்.

போன மாதம் அவளை எடை போடச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன். எதிர்வீட்டு அக்காவும் தன் மகனோடு வந்திருந்தார். அவன் ஒரு குட்டி யானை. “என்னம்மா, பிள்ளைக்கு எதுவும் குடுக்கறதே இல்லையா?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செவிலியர் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார். வழக்கம்போல் கோட்டுக்குக் கீழே. அந்தக் கோட்டின் ஓரத்தில் ‘−2’ என்று போட்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன். முந்தின நாள்தான் அப்படியொரு கணக்கோடு முட்டிக்கொண்டிருந்தேன்: பொட்டலங்களின் சராசரி எடை 500 கிராம், திட்ட விலக்கம் 10, 480-க்குக் கீழே, அதாவது சராசரியிலிருந்து இரண்டு விலக்கத்துக்கும் கீழே, நூற்றுக்கு எத்தனை?

“இந்த ரெண்டு, திட்ட விலக்கமா சிஸ்டர்?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அதேதான். இயல்நிலைப் பரவல்னு மணி மாதிரி ஒரு வளைவு படிச்சிருப்பீங்களே? நடுவுல கூட்டம், ஓரத்துல கொஞ்சம் பேர். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேர் ரெண்டு விலக்கத்துக்குள்ள வந்துருவாங்க. மிச்சத்துல பாதி மேல, பாதி இவள மாதிரி கீழ. கவனமாப் பாத்துக்கணும்தான். ஆனா ஒரு புள்ளிய வச்சுப் பயந்துறாதீங்க. புள்ளிங்க எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க.”

பார்த்தேன். அவசரப்பட்டுப் பிறந்தவள், அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தாள். மாதாமாதம் கோட்டை நெருங்கியிருந்தாள். நான்தான் கோட்டையே முறைத்துக்கொண்டு அதைக் காணாமல் இருந்துவிட்டேன்.

இந்த வாரம் புள்ளி கோட்டுக்கு மேலே விழுந்தது. மயிரிழைதான். ஆனாலும் மேலே!

உங்கள் கடிதங்களில் என் படிப்பை விசாரிக்கிறீர்கள், ஒழுகும் குழாயைக்கூட விசாரிக்கிறீர்கள். அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். கோபமில்லை. நீங்கள் கிளம்பும்போது அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். “அப்புறம் பாக்கலாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

அந்த அப்புறம் வந்துவிட்டது. சுண்டு, சுண்டு என்று எத்தனை நாள் கூப்பிடுவது? யோசித்து நல்ல பெயராக ஒன்று எழுதி அனுப்புங்கள். தலை நரைத்த பிறகும் அவளுக்குப் பொருந்துகிற பெயராக இருக்கட்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
உங்கள் வீட்டுக்காரி