ஊற்றில் தூங்கிப்போனேன்

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். அக்காவின் பெரியவள் நர்ஸ் படிப்பில் முதலாவதாக வந்துவிட்டாள், சின்னவன் நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறான், உன் மகள் மேடையேறிப் பேசினாளாம், மருமகள் போனில் சொன்னாள். ஐந்தாவது படித்தவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள் என்று தபால்காரரிடம் கூடச் சொல்லிவிட்டேன், இப்போது என்னைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

நீ டிக்கெட் போட்ட வெந்நீர் ஊற்றுக்குப் போய் வந்தோம். மலிவான இடம்தான், அடுக்குக் கட்டில், தண்ணீரில் அழுகிய முட்டை வாடை, ஆனாலும் சுத்தம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் சுவர். பக்கவாதம் வந்ததிலிருந்து நான் ஊற்றினால்தான் அப்பா குளிப்பார், உனக்குத் தெரியும். அங்கே குளிப்பாட்டும் ஆள் அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார், சரி, அவர் பார்த்துக்கொள்வார் என்று நானும் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு தையல்காரி, கேட்காமலே என் முதுகைத் தேய்த்துவிட்டு, "என்னக்கா இது, முதுகா பலகையா"ன்னாள். அவ்வளவுதான் தெரியும், தூங்கிவிட்டேன். காவல் இருக்கிற பெண் தோளைத் தட்டி, "எழுந்திரிங்க பாட்டி, தண்ணியிலயே குடித்தனம் நடத்தப் போறீங்களா" என்று எழுப்பினாள். வெளியே வந்தால் அப்பா போட்ட சட்டை போட்டபடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. பொத்தானில் கை வைக்கவே விடவில்லையாம். "சுவர் பக்கம் திரும்பி உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரும்மா, காதுல விழலையா"ன்னார் அந்த ஆள்.

விழவில்லை தம்பி. வீட்டில் அவர் புரண்டு படுத்தாலே விழித்துக்கொள்வேன். அன்றைக்குத்தான் நான் எவ்வளவு ஓய்ந்துபோயிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன். அடுத்த முறை எனக்கு மட்டும் அங்கே டிக்கெட் போடு, இன்னொன்றை உனக்கு இங்கே வரப் போடு. நான் திரும்பி வரும்வரை அப்பாவை நீ குளிப்பாட்டு. முதலில் காலில் ஊற்ற வேண்டும், தலைக்குக் கடைசியில், அப்போது அவர் கண்ணைக் கையால் மறைத்துவிடு. லீவு கிடைக்காது என்று மட்டும் எழுதாதே.

மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். சுவரில் இருக்கிற உன் படம் கல்யாணத்துக்கு முந்தியது, தலைநிறைய முடி. இப்போதைய முகம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ தபாலில் போடு. தினமும் அப்பாவுக்குக் காட்டி வைக்கிறேன், நீ வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது வேற்றாள் என்று நினைத்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா