குடிபூர ஒரு நாள்

செவ்வாய், 9 மார்ச் 1976

நாங்கள் இருக்கும் கெல்லிவில் காணிக்குக் கவுன்சில் வரி ஏறிய அறிவித்தல் போன வெள்ளிக்கிழமைதான் வந்தது. அன்றைக்கே கமலம் தொடங்கிவிட்டாள். "வாற வருசம் நீங்கள் பென்சன். இந்த அஞ்சு ஏக்கருக்கு வரி கட்டக் கட்டுப்படியாகுமே? வித்துப்போட்டு வென்ட்வேர்த்வில்லில ஒரு பிளாட் எடுப்பம்."

யோசிப்போம் என்றேன். அவள் சொல்வது நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

இன்று யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய தம்பியின் கடிதம் வந்தது. கமலம் கோழிகளுக்குத் தீன் போடப் போயிருந்தாள். நான் பிரித்தேன். "அக்கா, நீங்கள் கேட்டபடி புது வீடு குடிபூர நாள் பார்த்தனான். வைகாசி பதினொண்டு நல்லது."

கடிதம் அங்கே போகப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். அப்படியென்றால் வரி ஏறுமுன்பே கேட்டிருக்கிறாள்.

"ஆற்ற கடிதம்?" என்று கேட்டபடி உள்ளே வந்தாள்.

"உம்மட தம்பி. எல்லாரும் சுகமாம்."

"வேற ஒண்டும் எழுதேல்லையோ?"

"இல்லை."

கடிதம் துருத்திக்கொண்டிருந்த என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போனாள்.

இப்போதுதான் கடிதத்தின் உள்மடிப்பைப் பார்த்தேன். அங்கே இன்னொரு வரி இருக்கிறது.

"அத்தான்ர நட்சத்திரம் தேவையில்லை எண்டு எழுதினபடியால் உங்கட ரேவதி நட்சத்திரத்துக்கு மட்டும்தான் பார்த்தனான்."