பத்தாவது மணி

ஜூன் 17

வீட்டுக்காரியின் ஐம்பத்து நான்கு நாள் செபமாலையில் இன்று பதினேழாம் நாள். சமையலறை நாட்காட்டியில் பச்சைப் பேனாவால் தினமும் வட்டம் போட்டு வருகிறாள். முதல் இருபத்தேழு நாள் மாதாவிடம் கேட்பதற்கு, அடுத்த இருபத்தேழு நாள் நன்றி சொல்வதற்கு. கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இருபத்தெட்டாம் நாள் நன்றியைத் தொடங்கிவிட வேண்டுமாம். "லிஃப்ட் ஓடுறதுக்கு முன்னாடியே 'சரி பார்த்தாச்சு'ன்னு கையெழுத்தா?" என்றேன். "உங்க மெக்கானிக் புத்தியை இங்க காட்டாதீங்க" என்றாள்.

என்ன கேட்கிறாள் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். மற்ற எல்லாவற்றுக்கும் அந்த வாய் ஓய்வதே இல்லை.

மாலை நானும் உட்கார்ந்தேன். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு செபம், அதில் முதல் பாதி நான், மறுபாதி அவள். பத்து மணி கொண்ட ஒரு பத்தை நான் ஒன்பதிலேயே முடித்துவிட்டேனாம். "ஒம்போதுதான் ஆச்சு. மாதாகிட்டயேவா டிமிக்கி?" முப்பது வருடமாக இதே குற்றச்சாட்டு. உண்மையும்தான்.

ஜூன் 18

ஏழாம் மாடியில் லிஃப்ட் கதவு சென்சார் மாற்றினேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 19

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். சொல்லாகவே இல்லை அது.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார் டாக்டர். பேச்சு? "பொறுத்துப் பாப்போம்."

எவ்வளவு நாள் பொறுக்கணும்? அதைச் சொல்ல ஆளில்லையே.

ஜூன் 20

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் நான்கு முதல் ஐந்து வரை. போனதும் இடது கையால் தன் கைப்பையைக் காட்டினாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தேன், இல்லை. கண்ணாடியை எடுத்தேன், இல்லை. செபமாலையை எடுத்ததும் அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். நான் தொடர வேண்டுமாம்.

அப்போதுதான் உறைத்தது. நேற்று யாரும் செபமாலை சொல்லவில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பாள். இன்று இரண்டு தடவை சொல்லி, வீட்டுக்கு வந்து பத்தொன்பதுக்கும் சேர்த்து வட்டம் போட்டுவிட்டேன். லிஃப்ட் பராமரிப்புப் புத்தகத்தில் முந்தின நாள் தேதி போட்டுக் கையெழுத்திட்டுப் பழகிய கை. அங்கே ஒரு தடவையும் உறுத்தியதில்லை. இங்கே உறுத்துகிறது.

ஜூன் 22

எல்லாம் அவளுக்குப் புரிகிறது. காது கேட்கிறது. வார்த்தை மட்டும் இல்லை. மகள் சிலேட்டு வாங்கி வந்தாள். வலது கை சாக்பீஸைப் பிடிக்கவில்லை.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன், "கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்று. மாதா அதையா காதில் வாங்கினாள்?

ஜூன் 24

இரண்டு பாதியையும் நானே சொல்கிறேன், மூச்சுவிடாமல். ஐந்து மணிக்கு நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்வதற்குள் முடிக்க வேண்டும். எதைக் கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்கிறேன்: அவள் கேட்டது எதுவோ அது. கூடவே அவள் குரலையும்.

ஜூன் 26

பேச்சுப் பயிற்சி டீச்சர் படங்கள் காட்டினார். சாவி, குடை, கோப்பை. சாவியைப் பார்த்து "ப... ப..." என்றாள். பிறகு படத்தைத் தள்ளிவிட்டு அழுதாள். "முதல் ஒரு மாசம் ரொம்ப முக்கியம் சார்" என்றார் டீச்சர் என்னிடம் தனியாக.

ஒரு மாதத்தில் ஏழு நாள் போய்விட்டது. எந்திரத்தில் சத்தம் வந்தால் நான் பயப்படுகிறவன் இல்லை. சத்தம் நின்றால் இறங்கி ஓடுவேன். இப்போது எங்கே ஓடுவது?

ஜூன் 27

கேட்க வேண்டிய கடைசி நாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 28

இருபத்தெட்டாம் நாள். எதுக்கு நன்றி? வாயைப் பிடுங்கிக்கிட்டதுக்கா?

அவளிடமே இதைக் கேட்டுவிட்டேன். பொய் வட்டத்தையும் சொன்னேன். "பத்தொன்பதாம் நாள் நான் சொல்லலடி. மறுநாள் சேர்த்துச் சொல்லி வட்டம் போட்டுட்டேன். அதனாலதான் உனக்கு இன்னும் பேச்சு வரலையோ..." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்த மாலையைப் பிடித்து ஆட்டினாள். தொடங்கு என்று அர்த்தம்.

தொடங்கினேன். முதல் பத்தின் முதல் மணி. 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று ஆரம்பித்து, 'இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே' என்று என் பாதியை முடித்தேன். அதற்குமேல் போக முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

பின்னால் ஒரு குரல். குழறலாக, பாதி வெறும் காற்றாக. "தூய மரியே... இறைவனின் தாயே..."

திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. 'ஆமென்' வரைக்கும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

எட்டு நாளாக அவள் பாதியையும் நானே சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இடமே விடவில்லை. மடையன், மடையன்.

ஜூன் 29

டீச்சரிடம் ஓடினேன். சிரித்தார், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. "ஊறிப்போன செபம், பாட்டு எல்லாம் இப்படி வர்றது உண்டு சார். நல்லதுதான். ஆனா சொந்தமா நினைச்சு ஒரு வார்த்தை சொல்லட்டும். அதைத்தான் நான் பேச்சுன்னு சொல்லுவேன்."

அப்போ இது பேச்சு இல்லையா? மின்சாரம் போனால் லிஃப்ட் தானாகப் பக்கத்து மாடிக்கு வந்து கதவைத் திறக்கும். அதை ஓடுகிற லிஃப்ட் என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஜூலை 9

வீட்டுக்கு வந்து ஐந்து நாள். மறுபாதி இப்போது தெளிவாக வருகிறது. அது மட்டும்தான். மகள் "அம்மா, என் பேர் சொல்லு" என்று கேட்டாள். "ப... ப..." என்றுதான் வந்தது. மகள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

ஜூலை 16

இன்னும் மூன்று நாள் இருக்கிறது, டீச்சர் சொன்ன மாதத்துக்கு.

ஜூலை 20

மாதம் முடிந்துவிட்டது.

ஜூலை 24

ஐம்பத்து நான்காம் நாள். என்ன கேட்டாள் என்பது இன்னும் எனக்குத் தெரியாது.

மாலை மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் முதல் பாதி, அவள் மறுபாதி, மகள் மடிக்க வேண்டிய துணிகளோடு எங்கள் பக்கத்தில். கடைசியான ஐந்தாவது பத்துக்கு வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இது முடிந்தால் நாளை இவள் வாயிலிருந்து எதைக் கேட்பேன்? அந்த நினைப்பிலேயே விரல் ஓடியது. பத்து முடிந்தது என்று நினைத்து, முடிவுச் செபத்தை "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று தொடங்கினேன்.

அவள் சேர்ந்து சொல்லவில்லை. நிமிர்ந்தால், முறைத்துக்கொண்டிருக்கிறாள். உதடு கூடிப் பிரிந்தது, மறுபடியும் கூடியது.

"ஒம்... ஒம்போது."

மகள் கையிலிருந்த சட்டை நழுவியது. நான் மாலையைப் பார்த்தேன். ஆமாம், ஒரு மணி மீதி இருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டேன். என் பாதியைச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. அவள் பொறுத்திருந்தாள்.