சொட்டுகிற குழாய்

மின்ஸ்க், ஞாயிறு

அன்புள்ள அப்பா,

விவாகரத்துக்கு முன் நீங்களும் அம்மாவும் சமாதானமாவதற்கு நீதிமன்றம் தந்த மூன்று மாதம் வெள்ளிக்கிழமை முடிகிறது. நீங்களோ தோட்டவீட்டில் உருளைக்கிழங்கோடு சமாதானமாக இருக்கிறீர்கள்.

ஓர் உண்மை சொல்கிறேன், திட்டாதீர்கள். சமையலறைக் குழாயை இரண்டு முறை தளர்த்திச் சொட்டவிட்டது நான்தான். நீங்கள் சரிசெய்ய வந்தீர்கள். முதல் முறை அம்மா தேநீர்கூடத் தரவில்லை. இரண்டாம் முறை செர்ரி ஜாமோடு தந்தாள்.

இன்று குழாய் மறுபடி சொட்டுகிறது. கீழ்வீட்டு கசிமிர் மாமா, "ரெண்டு நிமிஷ வேலைம்மா, நகரு" என்றார்.

அம்மா நகரவில்லை. "வேணாம்ணே, அவரே வந்து பார்க்கட்டும்."

சத்தியமாக இந்த முறை நான் இல்லை அப்பா. உங்கள் பழைய ஸ்பானர் அம்மாவின் ஏப்ரன் பையில் இருக்கிறது. வியாழனுக்குள் வாருங்கள்.

குழாயைத் தளர்த்துவதில் இனி இரண்டாம் இடத்தில் இருக்கும்,
உங்கள் மகள்